ஹரிஷ்குமார், த. (2014)

“இந்தக் கட்டுரை லிஸ்ட்ட மட்டும் சரி பண்ணிக் குடுங்க சார், போதும். சாப்டர் எல்லாம் என் கைடுகிட்ட இருக்கு,” என்றாள் தீபிகா, பென் டிரைவை நீட்டியபடி.

ஹரிஷ்குமார் அதை வாங்கிக் கணினியில் செருகினான். ஈஜிபுராவில் ஒரு கோழிக்கடைக்கு மேலே, மாடி அறையில், ஆய்வேடுகளை விதிப்படி வடிவமைத்துத் தருவது அவன் தொழில். முனைவர் பட்டம் வாங்கியவன். வேலைதான் வாங்கவில்லை. அடுத்தவர் ஆய்வேட்டில் காற்புள்ளி எங்கே விழ வேண்டும், எது சாய்வெழுத்தில் வர வேண்டும் என்பதில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

“டாபிக் என்னம்மா?”

“அத மட்டும் கேக்காதீங்க சார். போன வருஷம் எங்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தி டாபிக்க வெளிய சொல்லி, வேற யாரோ முந்திக்கிட்டாங்க. அதுலேர்ந்து கைடு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு.”

“சரி விடுங்க. இதென்ன, வருஷம் ஒரு எடத்துல பிராக்கெட்டுக்குள்ள இருக்கு, இன்னொரு எடத்துல கடைசில தொங்குது? பத்திரிகை பேருதானே இட்டாலிக்ல வரணும்? நீங்க கட்டுரைத் தலைப்பச் சாய்ச்சு வெச்சிருக்கீங்க.”

“அதுக்குத்தானே சார் உங்ககிட்ட வந்தேன். நாளைக்குக் காலைல வர்றேன்,” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பட்டியலில் நாற்பது பெயர்கள். ஒருவரைக்கூட அவன் கேள்விப்பட்டதில்லை. எல்லாம் பெரிய பெரிய ஆட்கள் போலிருக்கிறது, தனக்குத்தான் படிப்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டே போனவனின் விரல், முப்பத்தெட்டாவது பெயரில் நின்றுவிட்டது.

ஹரிஷ்குமார், த. (2014). தண்ணீர் லாரி வரும் நாட்களில் ஈஜிபுரா வாடகைக் குடித்தனங்களின் அண்டை உறவு.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். அவனுடைய கட்டுரைதான். மூன்று வருடம் லாரிகளின் பின்னால் நடந்து, குடச் சண்டைகளைக் குறிப்பெடுத்து, விலக்கிவிடப் போய் இரண்டு தடவை தானும் அடி வாங்கி எழுதியது. அதை வெளியிட்ட பத்திரிகை, அந்த இதழோடு நின்றுபோனது.

உடனே மனைவிக்குப் போன் போட்டான்.

“லாவண்யா, என்னைய ஒரு பொண்ணு மேற்கோள் காட்டியிருக்கா!”

“என்ன காட்டியிருக்கா?”

“மேற்கோள்! சைட்டேஷன்! என் தண்ணி லாரி கட்டுரைய!”

“அதப் படிச்சாளா? நானே ரெண்டாம் பக்கத்துல தூங்கிட்டேனே.”

“கிண்டல் பண்ணாத. நம்ம கல்யாணப் பத்திரிகைல பேரு வந்தப்பகூட எனக்கு இவ்ளோ சந்தோஷமில்ல.”

“வீட்டுக்கு வாங்க, அதப் பத்திப் பேசிக்கலாம்.”

“கேளேன். சந்தாபுரா காலேஜ் வேலை அப்ளிகேஷன்ல ஒரு கட்டம் இருக்கு. உங்க கட்டுரைய எத்தன பேரு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு. இத்தன வருஷமா அதுல முட்டைதானே போட்டுக்கிட்டிருக்கேன்?”

லாவண்யாவின் குரலில் கிண்டல் போய்விட்டது. “இந்தத் தடவ ஒண்ணுன்னு போடுங்க. நாலு இன்டர்வியூல அந்த முட்டையப் பாத்துத்தானே சிரிச்சு அனுப்பினாங்க.”

ஹரிஷ்குமார் போட்டான். தீபிகாவின் ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லையே என்று மனசாட்சி உறுத்தியதால், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘விரைவில்’ என்றும் சேர்த்தான். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, முன்னால் காத்திருந்த மூன்று ஆய்வேடுகளை ஓரம் தள்ளி, தீபிகாவின் பட்டியலைக் கையில் எடுத்தான். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆனது. அவன் பெயருக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம். முதலெழுத்துக்குப் பின்னால் வரும் புள்ளியைக்கூடத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ரசித்தான்.

மறுநாள் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மாடி அறைக்கு வந்தான். அறிஞன் என்று பார்த்தாலே தெரிய வேண்டாமா?

தீபிகா பட்டியலைப் பார்த்துப் பூரித்துப்போனாள். “சூப்பர் சார்! எங்க கைடாலகூட இதுல தப்பு கண்டுபிடிக்க முடியாது.”

ஹரிஷ்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டான். “இதுல தண்ணி லாரின்னு ஒரு கட்டுரை இருக்கே, அது எப்படி? பரவாயில்லையா?”

“எது, ஹரிஷ்குமாரா? ஐயோ சார், அவரு ரொம்ப முக்கியம். அவர வெச்சுத்தான் என் மொதல் சாப்டரே.”

“அவ்ளோ முக்கியமா?”

“அவர மாதிரி ஒருத்தர் கெடைக்க எட்டு மாசம் தேடினேன் சார். கைடு பாத்துட்டு, ‘இவர்தாம்மா உன் தீசிஸுக்கே உயிரு’ன்னாரு.”

ஹரிஷ்குமாருக்குக் காது மடல் சூடேறியது. காலரைச் சரிசெய்துகொண்டு, “அந்த ஹரிஷ்குமார் யாருன்னு...” என்று அவன் ஆரம்பித்தபோது அவள் போன் அடித்தது.

“கைடு சார்,” என்று மெல்லச் சொல்லிவிட்டு எடுத்துக் கன்னடம் கலந்து பேசினாள். “நமஸ்காரா சார்... ஹௌதா சார், அப்படியா? ஆயித்து சார், சரி, இப்பவே சொல்லிடறேன்.” போனை வைத்தபோது அவள் முகம் சங்கடத்தில் சுருங்கியிருந்தது.

“சாரி சார், உங்க வேலைய வீணாக்கிட்டேன். இந்த நாப்பது பேரையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடணுமாம். பின்னிணைப்புல வெறும் நம்பர் போட்டா போதுமாம். பேரே எங்கயும் வரக் கூடாதாம்.”

“ஏன்? உயிருன்னு சொன்னீங்களே!”

“அதனாலதான் சார். பேரப் போட்டா நானே மேற்கோள் காட்டின மாதிரி ஆயிடும், என் தீசிஸே தப்பாயிடும்,” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன? வெளிவந்து பத்து வருஷமாகியும் உலகத்துல ஒருத்தர்கூட மேற்கோள் காட்டாத கட்டுரைங்கதான் என் டாபிக்கே. அதுலயும் இந்த ஹரிஷ்குமார் இருக்காரே, அவரு கட்டுரைய அவரேகூட எங்கயும் திருப்பிச் சொல்லல சார்!”