பாப்பாவுக்குப் பால்

பால் தூக்குவாளியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தாள் சத்தியப்பிரியா. வெள்ளை முழுவதும் ஓடி மறையும்வரை அங்கேயே நின்றாள். பக்கத்து வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

"இன்னைக்குமா?" என்றான் கணவன் முகேஷ், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. "வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? நான்தானே வாய் விட்டேன்."

வாய் விட்டது போன மாதம்.

மாட்டுத் தீவனத்துக்கென்றே மரபணுவைத் திருத்தி உருவாக்கிய மக்காச்சோளம். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அதைப் பயிரிட்டு, அங்குள்ள மாடுகளுக்கே போட்டுப் பார்க்கும் திட்டம். அதற்கு அவள்தான் கள அலுவலர். விளைந்த சோளம் தீவனமாகும் நேரத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசினாள். யாருமே மாட்டுக்குப் போட முன்வராவிட்டால் திட்டமும் போச்சு, அவள் வேலையும் போச்சு.

சித்ரா எழுந்தாள். அவள் வயலில்தான் சோளம் விளைந்திருந்தது.

"ஏன் மேடம், இதைத் தின்ன மாட்டுப் பாலை எங்க மக பாண்டீஸ்வரிக்குக் குடுக்கலாமா?"

"தாராளமா. டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சும்மா."

"டெஸ்ட்டை விடுங்க. உங்க பாப்பாவுக்குக் குடுப்பீகளா?"

கூட்டம் சத்தியப்பிரியாவின் வாயையே பார்த்தது.

"மேடம் வீட்ல பாக்கெட் பாலுதேன்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி எடுத்துவிட, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு சுருக்கென்றது. "என் பாப்பாவுக்கும் இந்தப் பாலைத்தான் குடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

சித்ரா உடனே தன் மாட்டுக்குப் போடுவதாகச் சொன்னாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சம்மதித்தார்கள்.

அடுத்த வாரமே வாசலில் சித்ராவின் வீட்டுக்காரர் அருள்பாண்டி வந்து நின்றார். சத்தியப்பிரியா குடியிருக்கும் கோட்டையூருக்குக் கொத்து வேலைக்கு வருகிறவர். "பாப்பாவுக்குன்னு சித்ரா குடுத்துவிட்டுச்சு" என்று தூக்குவாளியை நீட்டினார். அன்றிலிருந்து தினமும் பால் வந்தது.

ஆய்வறிக்கைகளை வரி விடாமல் படித்தவள்தான். ஒரு குறையும் இல்லை. இருந்தும் பாப்பாவின் பாட்டிலில் ஊற்றப்போய், பாட்டிலை மூடி வைத்துவிட்டாள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால்? பால் தொட்டிக்குப் போனது. பாப்பாவுக்குப் பாக்கெட் பால்.

ஊருக்குப் போனால் அதைவிடச் சங்கடம்.

"பாப்பா குடிக்குதா மேடம்?" என்பாள் சித்ரா.

"ம்... குடிக்கிறா."

"இந்நேரம் கன்னம் உப்பியிருக்குமே!"

சத்தியப்பிரியா குனிந்து கைப்பையில் எதையோ தேடுவாள்.

இன்றும் பாலைக் கொட்டிய கையோடு ஊருக்குப் போனாள். சித்ரா தொழுவத்திலிருந்து ஓடி வந்தாள்.

"நல்லவேளை வந்தீக. நாளையிலருந்து பாப்பாவுக்குப் பால் வராது மேடம். கோவிச்சுக்கிராதீக."

அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே பகீரென்றது. "ஏன், மாட்டுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

"அதுக்கென்ன, சோளத்தைத் தின்னுட்டு ஜம்முனு கறக்குது. இந்தா, இதுதேன் வத்திப்போச்சு."

அவள் காட்டிய மூலையில் ஒரு கிழட்டு நாட்டுமாடு வைக்கோலை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இதுவா? இதுக்கு நாம சோளமே போடலையே?"

"போடலதேன்." சித்ரா குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நெனைக்கக் கூடாது மேடம். இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லிப்பிட்டீக, இனி குடுத்துத்தானே ஆகணும்? ஆனா உங்களுக்கு இப்பத்தான் பல்லு முளைக்கிற பிள்ளை. எனக்கு மனசு கேக்கல. அதேன் உங்களுக்குச் சொல்லாம, இதுல கறந்ததையே குடுத்துவிட்டேன். இது கறந்தது ஒரு பிள்ளைக்குத்தேன் காணும்."

காலையில் தொட்டியில் ஓடிய வெள்ளை சத்தியப்பிரியாவின் கண்ணை விட்டுப் போக மறுத்தது.

"அப்ப... பாண்டீஸ்வரிக்கு?"

"அவ பள்ளிக்கூடம் போற பிள்ளை, தாங்கிக்கிருவா. சோளம் தின்ன மாட்டுப் பால்தேன் குடிக்கிறா" என்று சிரித்தாள் சித்ரா. "எனக்கென்ன பயம்? பெத்த பிள்ளையை வச்சு யாராவது பொய் சொல்லுவாகளா மேடம்?"