கை நனைக்காமல்

மேசையில் முழு மீன் ஒன்று ஆவி பறக்க இருந்தது. பத்மநாதன் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல வந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது. ஒரு கவளம் வாயில் வைத்தாலும் சம்மதம் என்றாகிவிடும். கனடாவில், ஸ்காபரோவில், பதினான்காம் மாடியில், சீனர் வீடு என்றாலும் அது அதுதான்.

பக்கத்தில் மனைவி மங்கையற்கரசியும் கையை மடியில் வைத்தபடி இருந்தாள். அவருக்கு அது பெரிய தெம்பு.

சொல்லவேண்டியதைக் காருக்குள்ளேயே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். கிருபன் எங்களுக்கு ஒரே மகன். எங்கள் ஆட்களுக்குள் பெண் பார்த்திருக்கிறோம். மரியாதையாகத் தொடங்கி, மரியாதை குறையாமல் எழும்பிவிட வேண்டும்.

ஆனால் யாரிடம் சொல்வது? எதிரே ஓர் ஆண்பிள்ளை இல்லை. திருமதி லாம் மட்டும்தான்.

ஹொங்கொங் சீனாவிடம் போகப்போகிறதென்று சனம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிய காலம். அவர் மகளோடு தனியே வந்தவர். தையல் தொழிற்சாலையில் வேலை. பெண்பிள்ளையைப் பெற்றாள் என்று புருஷன் விலக்கிவிட்டு வேறு கட்டியிருந்தான். கிருபன் இதைச் சொன்னபோது பத்மநாதன் அதையும் அந்த வீட்டின் குறையாகவே எண்ணிக்கொண்டார்.

மகள் விவியன் தட்டோடு வந்தாள். நின்றபடி, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள்.

சோறுதான் கணக்கு. தேத்தண்ணி கணக்கில் வராது. பகையாளி வீட்டிலும் அதை மறுக்கிற பரம்பரை அல்ல அவருடையது.

வாங்கிக் குடித்தார். பால் இல்லை. அடியில் சிவப்பாய் ஒரு வற்றல் பழம். மங்கையற்கரசியும் குடித்தாள்.

கோப்பையை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

திருமதி லாம் அழுதுகொண்டிருந்தார். அழுகையும் சிரிப்புமாய்.

“என்னடா இது?” மறுபக்கத்தில் இருந்த மகனைக் கேட்டார்.

“அப்பா, மாப்பிளையின்ர தாய் தேப்பன் உந்தத் தேத்தண்ணியைக் குடிச்சா, பொம்பிளையை எடுத்தாச்சு எண்டு அர்த்தம். இதுதான் இவையளின்ர கலியாணம்.” கிருபன் தரையைப் பார்த்துச் சொன்னான். “முழந்தாளில இருந்துதான் குடுக்கிறது. விவியன்ர தாய்தான் விடேல்லை. தன்ர மாமியாருக்கு முன்னால தான் முழந்தாளில இருந்து பட்டது போதுமாம்.”

முழந்தாளிட்டிருந்தால் பத்மநாதனுக்கு விளங்கியிருக்கும். எழும்பிப் போயிருப்பார்.

குடித்ததை இனித் துப்பவா முடியும்? வாயில் இன்னும் இனித்தது.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளாவது ஏதும் சொல்லட்டும்.

“அதுதான் குடிச்சாச்செல்லே. முகத்தை உப்பிடி வைச்சிருக்காதேங்கோ, மீன் ஆறப்போகுது,” என்றாள் மங்கையற்கரசி.

கைப்பையைத் திறந்தாள். சிவப்புத் தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருந்த அவளுடைய கலியாணக் காப்பு.

அதை விவியனின் கையில் போட்டுவிட்டாள்.

மங்கையற்கரசியின் பருத்த மணிக்கட்டுக்குச் செய்தது. அந்த மெலிந்த கையிலிருந்து அது கழன்று விழும் என்று பத்மநாதன் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழவில்லை. அந்தக் கைக்கென்றே அளவெடுத்துச் சின்னதாக்கியிருந்தது.