இருநூற்றுப் பதினாலாவது கருவி

காலை பத்து இருபதுக்கு, திறப்பு விழாவுக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது, காட்சிக்கு வைத்திருந்த இருநூற்றுப் பதினாலு கருவிகளில் ஒன்றைத் திருமலைசாமி இரண்டாக வெட்டிவிட்டார்.

சத்தம் கேட்டு ராமாமணி ஷெட்டின் பின்பக்கம் ஓடிவந்தார். அப்போதும் கை நிற்கவில்லை. பழுக்கக் காய்ந்த துண்டுகளைப் பட்டறைக்கல்லில் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார் திருமலைசாமி. வாச்சியாக இருந்தது தகடாகிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நிறுத்துங்க! என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

தச்சர்கள் மரம் செதுக்கும் வாச்சி அது. நூற்றைம்பது வருடப் பழசு என்று மேட்டுப்பாளையத்துப் பழம்பொருள் வியாபாரியிடம் ராமாமணி வாங்கியது. அழைப்பிதழின் அட்டையில் அதன் படம்தான் இருந்தது. பிடி லேசாக ஆடியதால், சரிசெய்யச் சொல்லி அரைமணி நேரத்துக்கு முன் அவரே திருமலைசாமியிடம் கொடுத்திருந்தார்.

"ஆப்பு வெச்சு இறுக்கத்தானே சொன்னேன்? நெருப்புல எதுக்குங்க போட்டீங்க?"

திருமலைசாமி சுத்தியலைக் கீழே வைத்தார். அறுபது வயது. அன்னூரில் கொல்லுப்பட்டறை; விழாவில் இரும்படித்துக் காட்ட உலையோடு வந்திருந்தார்.

"அம்மணி, இப்படி உள்ள வாங்க. தனியா ஒரு வார்த்தைங்க."

"தனியா என்னய்யா தனியா? எங்க முன்னாடியே சொல்லு."

பின்னாலேயே வந்து நின்றவர் சீனிவாசலு, ராமாமணியின் கணவருக்கு அண்ணன். கூட நாலைந்து விருந்தினர்கள், கையில் காபி டம்ளரோடு.

கணபதி பகுதியில் இருக்கும் அந்தப் பழைய பருத்தி ஜின்னிங் ஷெட் குடும்பச் சொத்து. அதைக் கல்யாண மண்டபமாக்க வேண்டும் என்பது சீனிவாசலுவின் கட்சி. கைக்கருவிக் காட்சியகம் என்பது ராமாமணியின் பிடிவாதம். சென்னையிலிருந்து வரும் உலோகப் பேராசிரியர் எல்லாம் அசல் என்று கையெழுத்துப் போட்டால் காட்சியகம்; இல்லாவிட்டால் மண்டபம். அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள்.

திருமலைசாமி சீனிவாசலுவைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களையும் ஒருமுறை பார்த்தார்.

"பிடி மாட்டற ஓட்டை விரிஞ்சிருந்துச்சுங்க. சூடு காட்டி இறுக்கலாம்னு பார்த்தேன். சூடு மிஞ்சிப்போச்சுங்க."

"கேட்டீங்களா கதையை!" சீனிவாசலு விருந்தினர் பக்கம் திரும்பினார். "நாப்பது வருசமா துருத்தி ஊதறவருக்குச் சூடு தெரியலையாமா! ஏம்மா ராமாமணி, இவருக்குத்தான் இன்னைக்கு மேடையில பொன்னாடை போடறியா?"

ஓரிருவர் சிரித்தார்கள். திருமலைசாமியின் காது சிவந்தது.

"சூடு மிஞ்சினா எடுத்து ஓரமா வெக்கணும். வெட்டினது எதுக்குங்க? தட்டையாக்கினது எதுக்குங்க?" ராமாமணி விடவில்லை.

"செஞ்சுபோட்டேனுங்க. தப்புத்தானுங்க."

"யாராச்சும் சொல்லி அனுப்பினாங்களா?"

கேட்டுவிட்டு ராமாமணி நேராக சீனிவாசலுவைப் பார்த்தார்.

"என்னைய எதுக்கும்மா பார்க்கறே? உன்ற பழைய இரும்புக்கடையைக் கவுக்க ஆள் வேற வெக்கணுமாக்கும்?"

"ஆருஞ் சொல்லலீங்க அம்மணி. நானேதானுங்க."

ஆட்டோக்காரரிடம்கூட 'ங்க' போடாமல் பேசாதவர் ராமாமணி. அன்று விட்டுவிட்டார்.

"போயிரு. உன் பையை எடுத்துட்டுப் போயிரு. இனிமேல் இந்த வாசல்ல கால் வெக்காதே!"

கையிலிருந்த நிகழ்ச்சி நிரலில் திருமலைசாமியின் பெயரைப் பேனாவால் அடித்தார். காகிதம் கிழிந்தது.

திருமலைசாமி குறடையும் சுத்தியலையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டார். "வாரேனுங்க" என்றார், வாய்ப் பழக்கத்தில்.

பதினொரு மணிக்குப் பேராசிரியர் வந்தார்.

"அட்டையில படம் போட்டிருந்தீங்களே, அந்த வாச்சி எங்கம்மா? முதல்ல அதைத்தான் கையில எடுக்கணும்னு வந்தேன்."

ராமாமணி தகடுகளைப் போட்டிருந்த இரும்பு வாளியை நீட்டினார். பேராசிரியர் தகடுகளை லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்படி அடிச்சு வெச்சா வயசும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. போகட்டும், மத்ததைப் பார்ப்போம்."

இரண்டு மணி நேரம் பார்த்தார். ஓர் உளியைத் தட்டிப் பார்த்து, "இது ரயில் தண்டவாளத்துல அடிச்சது. அறுபது வருசம் இருக்கும். குறிப்புச் சீட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க. சரி" என்றார். இழைப்புளியின் அலகைக் கழற்றி, துருவைச் சுரண்டிப் பார்த்தார்.

சீனிவாசலு அவர் முழங்கையை ஒட்டியே நடந்தார். "போலி ஏதாச்சும் மாட்டுச்சுங்களா சார்? ஒண்ணாச்சும்?"

"ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தாலும் பேனாவைத் திறந்திருக்க மாட்டேன்" என்ற பேராசிரியர், இருநூற்றுப் பதின்மூன்றும் அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஷெட் ராமாமணிக்கு நிலைத்தது. மேடையில் ஏறியதும், "கருவியை மதிக்கத் தெரியாத கை இருந்தென்ன, இல்லாட்டி என்ன?" என்றார் மைக்கில். பெயர் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரமே இரண்டு பள்ளிக்கூடங்கள், செய்து காட்ட வரவேண்டாம் என்று திருமலைசாமிக்குப் போன் செய்தன.

2025 மார்ச் 14ஆம் தேதி, போலிப் பழம்பொருள் விற்ற வழக்கில் பிடிபட்ட மேட்டுப்பாளையம் வியாபாரி போலீசுக்குக் கொடுத்த பட்டியலில் ஏழாவது வரி: "வாச்சி ஒன்று. தச்சு வேலைக்கு என்று சொல்லி அன்னூர் திருமலைசாமி பட்டறையில் பழைய லாரியின் வில்பட்டை இரும்பில் புதிதாக அடித்து வாங்கி, ஆறு மாதம் உப்பு மண்ணில் புதைத்து எடுத்து, கணபதி ராமாமணி அவர்களுக்கு விற்றது."