விரல் வைத்த இடம்

வசந்தகுமார் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் சாராள் அவருடைய இடுப்பெலும்பின் விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"ஐயோ, அதே எடம்தான் மேடம்! ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க."

"எலும்பு நல்லாத்தான் சார் இருக்குது. அதுக்கு மேல ஏறிப் போற மெல்லிசு நரம்பு ஒண்ணு, கதவிடுக்குல ஒயர் மாட்டிக்கினா மாதிரி நசுங்குது. அது ஸ்கேன்ல தெரியாது, வெரல் வச்சாத்தான் தெரியும். சரி பண்ணிடலாம்."

வசந்தகுமார் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"எங்க கும்மிடிப்பூண்டி கம்பெனில இதெல்லாம் நம்ப மாட்டாங்க மேடம். ஸ்கேன் நார்மல்னா, நடிக்கிறான்னு ஃபைல்ல எழுதி வேலைய உட்டுத் தூக்கிடுவாங்க."

"இன்னா சார் அநியாயம்! அப்படி எழுதற ஆளை இட்டுக்கினு வாங்க. இதே கட்டில்ல படுக்க வச்சிப் புரிய வைக்கிறேன்."

"படுத்துக்கினுதான் மேடம் இருக்கேன். நான்தான் அங்க எச்.ஆர். மேனேஜர்."

சாராளின் கை அப்படியே நின்றது. வசந்தகுமார் தலைமாட்டிலிருந்த போனை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

"ஹெலன், வெல்டர் சின்னராசு ஃபைல்ல நான் எழுதினதை அடிச்சிடும்மா. மறுபடி வேலைக்கு வரச் சொல்லு. இல்ல, இல்ல... மொதல்ல இந்த கிளினிக்குக்கு வரச் சொல்லு. அவரும் இதே எடத்தைத்தான் வெரல் வச்சிக் காட்டினாரு."