ஒன்பதாம் கேள்விக்கு வேறு சொல்

“நம்பிக்கை இல்லாமப் போறதுன்னா, சாமி மேலயாம்மா?” என்று கேட்டாள் பாஞ்சாலை.

சத்யப்ரியா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். இரண்டாம் கேள்வி, சொல் மாற்ற வேண்டும்.

உப்பளத்து மோட்டார் கொட்டகையின் நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். விடியுமுன் தொடங்கிய வேலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. மற்ற பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். யாராவது ஒருவர் அரை மணி நேரம் இருக்க முடியுமா என்று கேட்டபோது, பாஞ்சாலை மட்டும் தலையிலிருந்த சும்மாட்டை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்விகள். ஏதோ ஒரு நாட்டில் ஆங்கிலத்தில் எழுதி, சென்னையில் தமிழாக்கி, இப்போது மரக்காணம் வரை வந்திருக்கின்றன. அடுத்த மாதம் இந்தக் கரையில் உப்பு வாருகிற நானூறு பேரிடம் கேட்கப் போகிறார்கள். அதற்குள் கேள்விகள் இங்கே புரிகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிளியனூர்க்காரி என்பதால் அந்த வேலையை சத்யப்ரியாவிடம் கொடுத்திருந்தார்கள்.

பாஞ்சாலை நன்றாக உதவினாள்.

செய்தித்தாள் படிக்கும்போது கவனம் சிதறுகிறதா என்ற கேள்விக்குச் சிரித்தாள். “பேப்பர யாரு படிக்கறா? தலையில கூடையோட வரப்புல வர்றப்ப கால் தவறுதான்னு கேளுங்க. புத்தி இங்க இல்லன்னா கால் தவறிடும்.”

மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக நடக்கிறீர்களா என்றதற்கு, “மெதுவா நடந்தா மேஸ்திரி வுடுவாரா?” என்றாள்.

எட்டுக் கேள்விகள் இப்படியே முடிந்தன. ஒன்பதாவதை சத்யப்ரியா தாளைப் பார்த்தே வாசித்தாள்.

“இறந்துவிட்டால் நல்லது என்றோ, உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் ஏற்பட்டதா?”

பாஞ்சாலை கையில் காய்ந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினாள்.

“இப்படிக் கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்கம்மா.”

“புரியலையாக்கா?”

“புரியுது. நெனப்பு வரும், போகும். கொழம்பு கொதிக்கறப்பகூட வரும். அதப் போயி யாராவது சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?”

“அப்ப எப்படிக் கேக்கலாம்?”

பாஞ்சாலை பாத்திகளைப் பார்த்தாள். வெயில் உப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் குத்தியது. அவள் கண்ணைச் சுருக்கவில்லை.

“புள்ளைய யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டியான்னு கேளுங்க. போறவ மொதல்ல அதத்தான் செய்வா.”

சத்யப்ரியா எழுதி, அடிக்கோடிட்டாள். மூன்று நாளாகப் பதினொரு பெண்களிடம் பேசியிருக்கிறாள். இப்படி ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. ஆய்வை நடத்தும் தட்சணாமூர்த்தி சார் இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவார். தன் பெயரையும் சொல்லுவார் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மாற்றிய கேள்வியை அதே ஆளிடம் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அது முறை.

“போன ரெண்டு வாரத்துல, புள்ளைய யார்கிட்டயாவது ஒப்படைச்சிடலாம்னு நெனச்சீங்களா? இப்படிக் கேட்டாப் புரியுதுங்களா?”

“புரியுது,” என்றாள் பாஞ்சாலை. பிறகு அதே குரலில், “ஒப்படைச்சிட்டேன்.”

சத்யப்ரியா நிமிர்ந்தாள்.

“ஒரே பொண்ணு. ஆறாவது படிக்குது. கீழ்புத்துப்பட்டுல எந்தங்கச்சி சின்னப்பாப்பா வூட்டுல போன ஞாயித்துக்கிழம வுட்டுட்டு வந்தேன். புக்கு, ஆதார் கார்டு, வெள்ளிக் கொலுசு, எல்லாத்தையும் குடுத்துட்டேன்.”

எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை அவள் சொன்ன ஒவ்வொன்றையும் அது எழுதியிருந்தது.

“இத எழுதிக்கலியாம்மா?”

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. கேள்வி புரிந்ததா, இல்லையா. இல்லையென்றால் மாற்றுச் சொல் என்ன. அவ்வளவுதான். பதில்களை எழுதுவது அடுத்த மாதம்தான். ஆமாம் என்பவர்களை அனுப்ப வேண்டிய மருத்துவரின் போன் நம்பரும் அடுத்த மாதப் படிவத்தில்தான் வரும்.

சத்யப்ரியா ஃபைலை மண்ணில் வைத்தாள். நகர்ந்து போய் பாஞ்சாலையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். மூன்று நாள் பயிற்சியில் கேட்பதற்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“அக்கா, உங்க தங்கச்சி நம்பர் குடுங்க.”

பாஞ்சாலை மறுக்கவில்லை. இடுப்பிலிருந்த சின்ன போனை எடுத்து நீட்டினாள். சத்யப்ரியா நம்பரைப் பார்த்துத் தன் போனிலிருந்து அழைத்தாள். ஒரு கையால் பாஞ்சாலையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெயிலிலிருந்து வந்த கை சில்லென்று இருந்தது.

நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

“சின்னப்பாப்பாங்களா? நான் மரக்காணத்துல இருந்து பேசறேன். பாஞ்சாலை அக்கா விஷயமா...”

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது. வெளியே போய் விளையாடு என்று யாரையோ அனுப்புவது கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

யார் பேசுவது என்று சின்னப்பாப்பா கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

“அக்காவ எப்ப எடுக்கறாங்க?” என்றாள்.