கொஞ்ச நேரம் கழித்து வா

"குழந்தையோட ரத்த ரிப்போர்ட்டை அப்பவே மெயில்ல அனுப்பிட்டோம்னு வெளியூர் லேப்ல சத்தியம் பண்றாங்க. இங்க ஒண்ணும் வரல. ஆபரேஷனுக்குக் காத்திட்டிருக்கு மேடம்!"

ரத்த வங்கி டாக்டர் மூச்சிரைக்க நின்றாள். இந்த ஆஸ்பத்திரிக்கு அவள் புதுசு. கணினி அறைக்குள் நுழைவதே இதுதான் முதல் தடவை.

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் பதறவில்லை. "முன்பின் தெரியாத இடத்துலேர்ந்து மெயில் வந்தா, 'கொஞ்ச நேரம் கழிச்சு வா'ன்னு சர்வர் திருப்பிடும். நிஜமானவங்க மறுபடி வந்து தட்டுவாங்க. குப்பை அனுப்பறவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்."

"குழந்தை அதுவரைக்கும் தாங்கணுமே! போன்ல கேட்டு ரத்தம் ஏத்த முடியாது, எழுத்துல வேணும்."

"தாங்க வைக்க வேண்டாம்."

அந்தப் பெண் வெளியூர் பரிசோதனைக்கூடத்துக்கு போன் போட்டாள். சர்வர் சொந்தமா, மெயில் எப்போதும் அதிலிருந்துதான் வருமா என்று துருவித் துருவிக் கேட்டாள். அவர்கள் சொன்னதைத் தானும் ஒருமுறை சரிபார்த்தாள். பிறகு விரல்கள் விசைப்பலகையில் பறந்தன.

"இனிமே இவங்க மெயிலைக் காக்க வைக்காது. மறுபடி அனுப்பச் சொல்லிட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, ரிப்போர்ட் வந்து விழுந்தது. பொருந்தும் ரத்தம் எதுவென்று ஆபரேஷன் அறைக்குச் சொல்லி முடித்த பிறகுதான் டாக்டர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

தலைமை மருத்துவர் உள்ளே வந்தார். டாக்டர் சட்டென்று எழுந்தாள்.

"ஸ்கேன் மெஷின் பராமரிப்புக்கு என் பையன் கம்பெனி விலை போட்டு அனுப்பியிருக்கு. அஞ்சு மணியோட கெடு. அந்த மெயிலும் வெளியதான் நிக்குது. அதையும் இப்படியே உள்ள விட்டுடுங்க."

"முடியாது சார்."

"லேபுக்கு விட்டீங்களே?"

"அவங்க சர்வர் அவங்களோடது. உங்க பையன் கம்பெனி, ஊர்ப்பட்ட பேர் பங்கு போட்டுக்கற வாடகை சர்வர்லேர்ந்து அனுப்புது. அதுக்குக் கதவைத் திறந்தா அத்தனை பேரும் பின்னாடியே நுழைவாங்க. அதுல ஒருத்தன் திருடனா இருந்தா ஆஸ்பத்திரியே முடங்கிடும்."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"மறுபடி வந்து தட்டட்டும் சார். தானா திறக்கும்."

தலைமை மருத்துவரின் முகம் சிவந்தது. டாக்டர் பக்கம் திரும்பினார். "குழந்தைக்கு ரத்தம் அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு சார்."

தலையசைத்துவிட்டு விடுவிடென்று வெளியேறினார்.

அவர் பையன் கம்பெனியின் மெயில் மறுபடி தட்டி உள்ளே வந்தபோது கெடு தாண்டியிருந்தது.

டாக்டரால் பொறுக்க முடியவில்லை. "எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம் உங்களுக்கு! அவர் முகத்துக்கு நேரா முடியாதுன்னுட்டீங்களே. வேலைக்கு வேட்டு வெச்சுடமாட்டாரா?"

"சேச்சே, மாமா கோபம் வீடு போறதுக்குள்ள ஆறிடும்." அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "காலையிலேயே அனுப்பித் தொலைங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் என்னிக்குத்தான் என் பேச்சைக் கேட்டிருக்கார்!"