ஒரு சத்தமும் கேட்கலை

"சர்ச் கோரஸுக்கு முதல் ஹெட்போன் அருமை. கல்யாண கிளாரினெட்டுக்கு ரெண்டாவது. இது எதுக்குடா பிளாமென்?" மூன்றாவதைக் காதில் மாட்டினார் சகாரி அண்ணன். சோபியா நகரில் என் ஹெட்போன் கடைக்கு வாரம் தவறாமல் வருகிறவர்.

"மெட்டல் பாட்டுக்குண்ணே. முழுக்க மூடினது. பக்கத்துல கொலையே விழுந்தாலும் கேட்காது."

வயரை ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பாட்டைப் போட்டேன். வழக்கம்போல் கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்தார்.

கதவை உதைத்துக்கொண்டு இருவர் வந்தார்கள். கட்டட முதலாளியின் அடியாட்கள்.

"கடையைக் காலி பண்ணுன்னா, போலீசுக்கா போறே?"

முதல் குத்திலேயே என் மூக்கு உடைந்தது. கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். வயிற்றிலும் விலாவிலும் மாறிமாறி உதைத்தார்கள்.

"அண்ணே! காப்பாத்துங்கண்ணே!"

இரண்டடி தூரத்தில் தாளம் தப்பாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். பாவம், அவருக்கு எப்படிக் கேட்கும்? நான் விற்கிற பொருள் அப்படி.

என் இடது கையைப் பூட்ஸால் நசுக்கிவிட்டு அவர்கள் போனார்கள். பிறகுதான் அண்ணன் கண்ணைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தார்.

"ஐயையோ தம்பி! யாருடா இப்படிப் பண்ணினது? எனக்கு ஒரு சத்தமும் கேட்கலையேடா!"

விழுந்ததிலிருந்து இறுகியே இருந்த என் வலது கையை அப்போதுதான் விரித்தேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த ஹெட்போன் பிளக், இரத்தத்தில் வழுக்கியது.

"எந்தப் பாட்டுக்குண்ணே இவ்வளவு நேரம் தலையாட்டினீங்க?"